புழல் ஏரியின் பறக்கும் படகுகள்

கல்வராயன் மலையில் பிறந்து நம் கள்ளக்குறிச்சி வட்டாரத்து வயல்களை நனைக்கும் ஆற்றுக்குக் கோமுகி என்று பெயர். மணிமேகலை பயின்றவர்க்கு இப்பெயர் புதிதன்று. மணிபல்லவத் தீவில் ஆபுத்திரன் விட்ட அமுதசுரபியைத் தன்னகத்தே வைத்துக் காத்த பொய்கையும் கோமுகியே. வகுப்பில் இப்பகுதியை நடத்தும்போது, பின்வரிசை மாணவர் எவரேனும் ஒருவர், "அம்மா, மணிமேகலை நம்ம ஊர் அணைக்கா வந்தாள்?" என்று கேட்பதுண்டு. வகுப்பு சிரிக்கும்; நானும் சிரிப்பேன். காப்பியத்தின்படி, உறங்கிக் கிடந்த மணிமேகலையைக் கடல் தெய்வம் எடுத்துச் சென்று, வான்வழியே கடலைக் கடந்து, புகாருக்குத் தெற்கே முப்பது யோசனைத் தொலைவிலுள்ள தீவில் வைக்கிறது. விண்ணில் எழுந்து கடலைத் தாண்டி இறங்குதல் தமிழ்க் கற்பனைக்குப் பழகிய ஒன்று. சிந்தாமணியில் விசயை ஏறித் தப்பிய மயிற்பொறியையும், ஓட்டுவார் இல்லாமலே செல்லும் வானூர்தியைப் பற்றிய புறநானூற்றுக் குறிப்பையும் இங்கு நினைவுகூரலாம். இவற்றைக் கொண்டு பண்டைத் தமிழர் விமானம் செய்தனர் என்று நிறுவ முற்படுவோர் அணியில் நான் இல்லை. கற்பனைக்கு அதற்குரிய பெருமை போதும்.

ஆனால் நீரில் இறங்கி நீரிலிருந்தே எழும் வானூர்திகள், தமிழ்நாட்டு ஏரி ஒன்றை வீடாகக் கொண்டு ஏறத்தாழ மூன்றாண்டுக் காலம் வங்கக்கடலைச் சுற்றிவந்தன என்பது கற்பனையன்று. அந்த ஏரி சென்னைக்கு வடமேற்கேயுள்ள புழல் ஏரி. ஆங்கிலேயர் அதனைச் செங்குன்றம் என்னும் ஊர்ப்பெயரின் மொழிபெயர்ப்பாக 'ரெட்ஹில்ஸ் ஏரி' என்று வழங்கினர். அங்கு வந்திறங்கிய வானூர்தியின் பெயர் கேட்டலினா.

இதனை நாடிச் செல்லும்படி என்னைத் தூண்டியவர் என் பாட்டி. 1942ஆம் ஆண்டுக் கோடையில் அவருக்குப் பன்னிரண்டு வயது. சென்னையில் இருந்த உறவினர் குடும்பம் ஒன்று சின்னசேலம் வரை இரயிலில் வந்து, அங்கிருந்து மாட்டுவண்டியில், இரண்டு ஊறுகாய்ச் சாடிகளும் ஒரு தையல் இயந்திரமுமாக எங்கள் வீட்டு வாசலில் இறங்கியதாம். ஏன் வந்தார்கள் என்று கேட்டால், "கடல்பக்கம் பயம் வந்துடுச்சாம்" என்பார். கடலையே பார்த்திராத சிறுமிக்கு அந்தப் பயம் விளங்கவில்லை. தையல் இயந்திரம் மட்டும் எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் அவர் நினைவில் இருந்தது.

எம்டன் என்னும் சொல்

தமிழ்க் கடற்கரைக்கு இருபதாம் நூற்றாண்டில் இருமுறை இத்தகைய பயம் வந்தது. முதன்முறை 1914 செப்டம்பர் 22 இரவு. ஜெர்மானியக் கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தருகே வந்து குண்டு வீசி, எண்ணெய்த் தொட்டிகளைக் கொளுத்திவிட்டு மறைந்தது. அரைமணி நேர நிகழ்ச்சி அது. ஆயினும் 'எம்டன்' என்பது தமிழில் ஒரு சொல்லாகவே நிலைத்துவிட்டது. துணிந்தவனை, கெட்டிக்காரனை, எளிதில் பிடிபடாதவனை 'அவன் பெரிய எம்டன்' என்கிறோம். அக்கப்பலில் செண்பகராமன் இருந்தார் என்னும் கதைக்கும் குறைவில்லை. அதற்கு உறுதியான சான்று இல்லை என்றாலும் மக்கள் அதனை விடுவதாயில்லை.

இரண்டாம் முறை 1942 ஏப்ரல். இம்முறை பயம் பல வாரங்கள் நீடித்தது. சென்னை நகரே பாதி வெறுமையானது. ஆயினும் அதிலிருந்து ஒரு சொல்லும் தமிழில் நிலைக்கவில்லை. நகரத்தின் குடிநீர் ஏரியிலிருந்து எழுந்து அக்கடலைக் காவல் செய்த வானூர்தியின் பெயரோ அக்காலத்தும் பலர்க்குத் தெரியாது; இக்காலத்தும் தெரியாது. தாக்க வந்தவன் பெயர் மொழியில் நின்றது. காவலிருந்ததன் பெயர் நிற்கவில்லை. இதற்குக் காரணம் மறதி ஒன்றே என நான் முன்பு எண்ணியிருந்தேன். இப்போது அவ்வாறு எண்ணவில்லை.

படகு பறக்கத் தொடங்கிய வரலாறு

நீரிலிருந்து எழும் வானூர்தியை முதன்முதல் பறக்கச் செய்தவர் பிரெஞ்சுக்காரரான ஆன்ரி ஃபாப்ர். 1910 மார்ச் 28 அன்று, மார்சேய் நகருக்கு அருகிலுள்ள பெர் என்னும் கடற்கழியில் அது நிகழ்ந்தது. அதன்பின் இவ்வகை இரு கிளைகளாகப் பிரிந்தது. சாதாரண விமானத்தின் சக்கரங்களுக்குப் பதில் மிதவைகளைப் பொருத்துவது ஒரு கிளை. விமானத்தின் உடலையே படகாகச் செய்துவிடுவது மற்றொன்று. பின்னதையே பறக்கும் படகு என்பர்.

இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட இருபதாண்டுகள் இவற்றின் பொற்காலம். காரணம் எளிது. நீண்ட ஓடுதளங்கள் உலகில் மிகச் சில இடங்களிலேயே இருந்தன. நீர்நிலைகளோ எங்கும் இருந்தன. 1938 அளவில் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியா செல்லும் பயணிகள் பறக்கும் படகுகள் இராஜபுதனத்து ராஜசமந்த் ஏரியிலும் குவாலியர் ஏரியிலும் இறங்கிச் சென்றன. மன்னர்கள் வேளாண்மைக்கும் குடிநீருக்கும் வெட்டிய ஏரிகள் வானூர்தி நிலையங்களாயின. பிரெஞ்சுக் கடற்படையும் இத்துறையில் பின்தங்கவில்லை. அவர்களுடைய 'லுவார் 130' என்னும் சிறு பறக்கும் படகு, போர்க்கப்பலின் தளத்திலிருந்து கவண்கல் போல் எறியப்பட்டு, வேவு பார்த்துத் திரும்பி, கடலில் இறங்கி, பாரந்தூக்கியால் மீண்டும் கப்பலில் ஏற்றப்படும். 'பிசெர்த்' என்னும் அவர்களுடைய பெரிய படகு, ஆங்கிலேயரின் 'கல்கத்தா' என்னும் படகை உரிமம் பெற்றுக் கட்டி, அதனை மேலும் வளர்த்ததாகும். ஒரு வங்காள நகரத்தின் பெயர் இலண்டன் வழியாகப் பிரெஞ்சுக் கடற்படையைச் சென்றடைந்த விதம் விந்தையானது.

இவ்வரிசையில் இறுதியாகவும் உறுதியாகவும் வந்தது கேட்டலினா. 1933இல் அமெரிக்கக் கடற்படை, நீண்ட தொலைவு ரோந்து செல்லும் படகு ஒன்று வேண்டும் என்று கன்சாலிடேட்டட் என்னும் நிறுவனத்திடம் கேட்டது. ஐசக் லாடன் என்னும் பொறியாளர் வடிவமைத்த அப்படகு 1935 மார்ச்சில் முதன்முறை பறந்தது. அந்நிறுவனம் அப்போது கனடா எல்லையை ஒட்டிய பஃபலோ நகரில் இருந்தது. அங்குக் குளிர்காலத்தில் நீர் உறைந்துவிடும். உறைந்த நீரில் படகுகளைச் சோதிப்பது எங்ஙனம்? அவ்வாண்டே தொழிற்சாலையை வெப்பமான சான் டியேகோவுக்கு மாற்றிக்கொண்டனர்.

அமெரிக்கர் இதற்கு இட்ட பெயர் 'பி.பி.ஒய்.' என்னும் எழுத்துக்கோவை. கேட்டலினா என்னும் அழகிய பெயர், கலிபோர்னியக் கரைக்கு அப்பாலுள்ள தீவின் பெயர், இட்டவர் ஆங்கிலேயர். 1939இல் ஒன்றை வாங்கிச் சோதித்துப் பார்த்தபின் அவர்கள் பலவற்றை வாங்கினர். பிரெஞ்சு அரசும் 1940 தொடக்கத்தில் முப்பது படகுகளுக்குச் சொல்லிவைத்தது. அவை கைக்கு வருமுன்னரே பிரான்சு வீழ்ந்தது.

அதன் அமைப்பைச் சிறிது விரித்துரைக்க வேண்டும். சிறகின் அகலம் 104 அடி. உடல் நீளம் ஏறத்தாழ 64 அடி. சிறகு உடலோடு ஒட்டியிராமல், நடுவில் எழுந்த ஒரு தூணின்மேல் குடை விரித்தாற்போல் நிற்கும். இரு பொறிகளும் அச்சிறகில் உயர இருப்பதால், தெறிக்கும் நீர் சுழலிகளை எட்டுவது குறையும். நீரில் நிற்கும்போது ஒருபக்கம் சாயாமலிருக்கச் சிறகின் இரு முனைகளிலும் மிதவைகள் உண்டு. பறக்கத் தொடங்கியதும் அவை மேல்நோக்கி மடங்கி, சிறகின் நுனிகளாகவே மாறிவிடும். உள்ளே எட்டு அல்லது ஒன்பது பேர். படுக்கைகளும் சமைக்க ஒரு சிறு அடுப்பும் உண்டு. பின்னுடலின் இருபுறமும் கண்ணாடிக் குமிழ்கள் புடைத்து நிற்கும். அவற்றில் அமர்ந்து மணிக்கணக்காகக் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் காவலர் வேலை. மணிக்கு 200 கிலோமீட்டர் அளவில் ஊர்ந்து செல்லும் இதனைப் போர் விமானங்களின் விரைவோடு ஒப்பிட்டால் மாட்டுவண்டி என்றே சொல்லவேண்டும். ஆனால் ஒரு மூச்சில் 4000 கிலோமீட்டர் செல்லும். விரைவைக் கொடுத்துத் தொலைவை வாங்கிய படகு இது.

நீரிலிருந்து எழுவது தரையிலிருந்து எழுவதைவிடக் கடினம். நம் ஏரிகளில் நாமக்கோழி எழுவதைப் பார்த்தவர்க்கு இது விளங்கும். அது நின்ற இடத்திலிருந்து எழாது. நீரைக் கால்களால் அடித்துக்கொண்டு நெடுந்தொலைவு ஓடியே எழும். பறக்கும் படகின் அடிப்புறத்தில் நடுவில் ஒரு படிபோன்ற வெட்டு உண்டு. விரைவு கூடக்கூடப் படகு அப்படியின்மேல் ஏறி நின்று, பின்பகுதியை நீரின் பிடியிலிருந்து விடுவித்துக்கொள்ளும். கண்ணாடி போன்று அசைவற்ற நீர் இதற்கு உதவாது. அது அடிப்பலகையைப் பற்றிக்கொண்டு விடாது. அத்தகைய நாட்களில் இயந்திரப் படகு ஒன்றை முன்னே ஓடவிட்டு அலை எழுப்புவர். இறங்குவதிலும் அமைதியான நீரே ஆபத்தானது. நீர்ப்பரப்பு எங்கே தொடங்குகிறது என்று மேலிருந்து கண்ணுக்குத் தெரியாது.

இவ்வகைப் படகு ஒன்று போருக்கு முன்னரே இந்தியப் பெருங்கடலைக் கண்டிருந்தது. ரிச்சர்டு ஆர்ச்போல்டு என்னும் அமெரிக்கச் செல்வர் நியூகினி ஆய்வுப் பயணத்துக்காக ஒன்றை வாங்கி, 'கூபா' என்று பெயரிட்டிருந்தார். 1939 ஜூனில் அது ஆஸ்திரேலியாவிலிருந்து கொக்கோஸ், டியேகோ கார்சியா தீவுகள் வழியாக ஆப்பிரிக்கக் கரையின் மொம்பாசாவை அடைந்தது. இந்தியப் பெருங்கடலை அவ்வாறு குறுக்கே கடந்த முதல் வானூர்தி அதுவே. மூன்று மாதங்களில் போர் மூண்டது.

1942 ஏப்ரல்

1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச் மாதத்தில் இரங்கூனும் அந்தமானும் வீழ்ந்தன. வங்கக்கடலின் கீழைக் கரை முழுவதும் ஜப்பானியர் வசமாயிற்று. இலங்கையின் தென்கோடியில், காலிக்கு அருகிலுள்ள கொக்கலை என்னும் கழியில் கேட்டலினாக்கள் வந்திறங்கின. அவற்றுள் கனடிய அரச வான்படையின் 413ஆம் அணியும் ஒன்று.

அவ்வணியின் லெனார்டு பிர்ச்சால் என்னும் படைத்தலைவர் கொக்கலையை அடைந்தது ஏப்ரல் 2. ஏப்ரல் 4 விடியுமுன் தம் படகில் எழுந்து இலங்கைக்குத் தென்கிழக்கே நாள் முழுதும் சுற்றினார். மாலையில் பணி முடிந்து திரும்பும் வேளை, தாம் இருக்குமிடத்தைத் துல்லியமாக அறிய விரும்பி, மேலும் ஒரு சுற்றுப் போனார். அப்போது தெற்கு அடிவானத்தில் சில புள்ளிகள் தெரிந்தன. அணுகிப் பார்த்தபோது அவை விமானந்தாங்கிக் கப்பல்களை உள்ளிட்ட ஜப்பானியப் பெரும்படை. வானொலிக்காரர் செய்தியை அனுப்பத் தொடங்கினார். அதனை மூன்று முறை திருப்பி அனுப்புவது முறை. மூன்றாம் முறை முடியுமுன் ஜப்பானியப் போர் விமானங்கள் படகைச் சுட்டு வீழ்த்தின. ஒன்பது பேரில் மூவர் இறந்தனர். எஞ்சிய அறுவரையும் ஜப்பானிய நாசகாரிக் கப்பல் ஒன்று எடுத்துச் சென்றது. அவர்கள் உயிரோடு இருப்பது 1945இல் போர் முடிந்தபின்னரே வெளியுலகுக்குத் தெரிந்தது.

செய்தி சிதைந்து சேர்ந்தாலும் சேர்ந்தது. மறுநாள் ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு காலையில் கொழும்பின்மேல் நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்கள் வந்தபோது துறைமுகத்திலிருந்து பெரும்பாலான கப்பல்கள் வெளியேறிவிட்டிருந்தன. 'இலங்கையைக் காத்தவர்' என்று பிர்ச்சாலைப் பாராட்டுவது வழக்கம். பாராட்டு முற்றிலும் மெய்யன்று. தாக்குதல் வரும் என்பது ஜப்பானியரின் மறைகுறிச் செய்திகளைப் படித்ததால் முன்னரே ஓரளவு தெரிந்திருந்தது. மேலும் எச்சரிக்கை கிடைத்தும் இழப்புகள் நேர்ந்தன. அதே நாளில் டார்செட்ஷயர், கார்ன்வால் என்னும் இரு பெரும் போர்க்கப்பல்கள் கடலில் மூழ்கின. ஏப்ரல் 9 அன்று திருகோணமலை தாக்கப்பட்டது. ஹெர்மிஸ் என்னும் விமானந்தாங்கி மட்டக்களப்புக்கு அப்பால் முந்நூற்றுக்கும் மேற்பட்டோருடன் மூழ்கியது. ஆயினும் பகைவர் வரும் நேரத்தையும் திசையையும் கண்ணால் கண்டு சொன்னது அந்த ஒரு படகே. சொன்னதற்கு அது கொடுத்த விலையையும் மறுக்க இயலாது.

இதற்கிடையே மற்றொரு ஜப்பானியப் படை வங்கக்கடலின் மேலைக் கரையோரம் வணிகக் கப்பல்களை வேட்டையாடியது. சில நாட்களுக்குள் இருபதுக்கும் மேற்பட்டவை மூழ்கின. ஏப்ரல் 6 அன்று விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டுகள் விழுந்தன. அடுத்தது சென்னை என்று அனைவரும் எண்ணினர். பகைக் கப்பற்படை சென்னையை நோக்கி வருகிறது என்ற பிழையான செய்தியை நம்பி, அரசு, நகரில் இருக்கவேண்டிய தேவையில்லாதவர் வெளியேறலாம் என்று அறிவித்தது. அலுவலகங்கள் உள்நாட்டு ஊர்களுக்குப் பெயர்ந்தன. உயிர்க்காட்சிசாலையின் கொடிய விலங்குகள் குண்டுவீச்சில் கூண்டு உடைந்து வெளியேறிவிடும் என்று அஞ்சிச் சுட்டுக் கொல்லப்பட்டன. இரயில்கள் நிரம்பி வழிந்தன. என் பாட்டி வீட்டுக்குத் தையல் இயந்திரம் வந்து சேர்ந்தது அப்போதுதான்.

பகைக் கப்பற்படை வரவேயில்லை. அது வரவில்லை என்பதைக் கடலுக்குள் நெடுந்தொலைவு சென்று பார்த்துவந்து சொல்லத்தக்க வானூர்தி சென்னையில் இல்லாமற்போனது இங்குக் கருதத்தக்கது. அப்போது சென்னையில் கரைக்காவல் செய்தவை பழைய வாப்பிட்டி விமானங்களும், பயணிகளை ஏற்றியிருந்து காவலுக்கு மாற்றப்பட்ட சில அட்டலாண்டா விமானங்களுமே. ஒரு நகரம் தன் வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓடியதற்கு ஜப்பானியர் மட்டும் காரணமல்லர். கடலைப் பார்க்கும் கண் இல்லாமையும் காரணம்.

புழல்

அந்தக் கண் 1942 ஜூலையில் புழல் ஏரிக்கு வந்தது. அரச வான்படையின் 240ஆம் அணி, வட அயர்லாந்து, ஸ்காட்லாந்து நீர்நிலைகளில் பணிபுரிந்த அணி, தன் கேட்டலினாக்களுடன் அங்கு நிலைகொண்டது.

ஏன் ஏரி? சென்னைக்கு இயற்கைத் துறைமுகம் இல்லை. ஓயாமல் அலையடிக்கும் திறந்த கரை அது. திருகோணமலையும் கொக்கலையும் தந்த அமைதி சென்னைக் கடலில் இல்லை. நகருக்கு அருகே, ஏறத்தாழ 18 சதுர கிலோமீட்டர் பரப்பில், ஆழமும் அகலமும் உடையதாய் அமைந்திருந்தது புழல் ஏரி. நன்னீர் ஆதலால் உலோகத்தை உப்பு அரிக்கும் தொல்லையும் இல்லை.

புழல் பழைய பெயர். தொண்டைமண்டலத்தின் 24 கோட்டங்களுள் ஒன்று புழற்கோட்டம். குறும்பர் கோட்டை கட்டி ஆண்ட இடம் என்பது செவிவழி வரலாறு. உள்ளே துளையுடைய பொருளைப் புழல் என்பது தமிழ் வழக்கு. உள்ளீடற்ற உடலோடு மிதக்கும் படகுகளுக்கு இதனினும் பொருத்தமான பெயருடைய ஏரி கிடைத்திராது. இது என் தமிழாசிரியத் தொழிலின் பழக்கம், பொறுத்தருள்க. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கொசத்தலையாற்று நீரைச் சோழவரம் வழியாகக் கொணர்ந்து இவ்வேரியைச் சென்னையின் குடிநீர்த் தேக்கமாக ஆக்கினர். ஆகவே கேட்டலினாக்கள் மிதந்தது நகரத்தார் குடித்த நீரில். அந்நீர் போதாதென்று பூண்டியில் புதிய நீர்த்தேக்கம் கட்டப்பட்டுக்கொண்டிருந்ததும் இதே ஆண்டுகளில்தான். நகரத்தந்தையாக இருந்து அதற்காக உழைத்த சத்தியமூர்த்தி 1943இல் மறைந்தார். தேக்கம் 1944இல் திறக்கப்பட்டது. நீர் பற்றிய நம் பெருமிதங்களில் பூண்டி இடம்பெற்றது. அதே நீர்வழியின் மறுகோடியில் நடந்ததற்கு அவ்விடம் கிட்டவில்லை.

இப்படகுகளுக்குச் சக்கரம் இல்லை. மிதவை முளைகளில் கட்டப்பட்டு நீரிலேயே நிற்கும். எரிபொருளும் குண்டுகளும் ஆட்களும் சிறு படகுகளில் சென்று ஏறவேண்டும். பழுதுபார்க்கக் கரையேற்றும்போது மட்டும் தற்காலிகச் சக்கரங்களைப் பூட்டி இழுப்பர். இரவில் இறங்குவதற்கு வரிசையாகச் சிறு படகுகளில் விளக்கேற்றி வைப்பர். வணிகக் கப்பல் வரிசைகளுக்கு மேலே வட்டமிட்டுக் காத்தலும், நீர்மூழ்கிகளைத் தேடலும், மூழ்கிய கப்பல்களிலிருந்து தப்பியோரைத் தேடலும் நாள்தோறும் செய்த பணிகள். ஒரு பயணம் பதினைந்து மணி நேரத்தையும் கடக்கும். பெரும்பாலான நாட்களில் அவர்கள் கண்டது வெறுங்கடலையே. 'ஒன்றும் தென்படவில்லை' என்று எழுதுவதற்காகவே ஒருவன் பகலெல்லாம் கண்ணாடிக் குமிழுக்குள் அமர்ந்திருந்தான். 1943 அக்டோபரில் ஓர் இரவு ஒற்றை ஜப்பானிய விமானம் வந்து சென்னைத் துறைமுகப் பகுதியில் சில குண்டுகளைப் போட்டுச் சென்றதைத் தவிர, நகரம் போரை நேரில் காணவில்லை. நிகழாமற்போன தாக்குதலுக்கு மொழி எவ்வாறு பெயர் வைக்கும்? எம்டன் நிலைத்ததற்கும் கேட்டலினா நிலைக்காததற்கும் முதற்காரணம் இதுவே என்பது என் கருத்து.

மூடிய கடல்

ஆயின் இன்னொரு காரணமும் உண்டு. அது இதனினும் ஆழமானது.

வங்கக்கடல் தமிழர்க்கு எல்லையாக இருந்ததில்லை, தெருவாக இருந்தது. சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் 'ரஜூலா' போன்ற கப்பல்கள் தவறாமல் சென்றுவந்தன. தோட்டத் தொழிலாளரும், வட்டிக்கடைச் செட்டியாரும், எழுத்தரும், மணப்பெண்ணும் அதில் போயினர். கடிதமும் பணவிடையும் திரும்பி வந்தன. 1942 தொடக்கத்தில் அத்தெரு ஒரே நாளில் அடைத்தாற்போல் ஆயிற்று. மூன்றரை ஆண்டுகள் கடிதம் இல்லை. கணவன் இருக்கிறானா என்று அறியாமலே தாலியோடு காத்திருந்த பெண்கள் தஞ்சையிலும் இராமநாதபுரத்திலும் நம் தென்னார்க்காட்டிலும் இருந்தனர். அக்கரையிலோ சயாம்–பர்மா இரயில்பாதையில் தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் மாண்டுகொண்டிருந்தனர். ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி' அக்கரை வாழ்வின் அக்காலத்தைச் சொல்லும் நாவல். இக்கரையில் காத்திருந்தோரைப் பற்றி அதற்கு இணையான ஒரு நாவல் நமக்கு வாய்க்கவில்லை.

புதுச்சேரித் தமிழர் நிலை வேறுவிதமாகச் சிக்கலானது. 1940 செப்டம்பரில் புதுச்சேரி, டிகால் தலைமையை ஏற்று நேசநாடுகளின் பக்கம் சேர்ந்தது. அவர்களுடைய உறவினர் அலுவலராகவும் வணிகராகவும் வாழ்ந்த சைகோனோ விஷி அரசின்கீழ் இருந்து ஜப்பானியரின் பிடிக்குள் போயிற்று. ஒரே குடும்பத்தின் இரு பாதிகள் இரு பகை முகாம்களில் இருந்தன. முன்னே கூறிய 'லுவார் 130' படகுகள் அந்தச் சைகோன் கரையில்தான் பறந்துகொண்டிருந்தன.

அடைபட்ட அக்கடலின் குறுக்கே போய்வந்தவற்றுள் புழல் ஏரியின் கேட்டலினாக்களும் உண்டு. போரின் பிற்பகுதியில் 240ஆம் அணியின் தனிப்பிரிவு ஒன்று பர்மா, மலேயா, சுமத்திரா கரைகளில் இரவோடு இரவாக உளவர்களை இறக்கும் பணியைச் செய்தது. நாகையிலிருந்து ஒரு கடிதம் செல்லமுடியாத கரைக்குப் புழலிலிருந்து ஆட்களும் துப்பாக்கிகளும் சென்றனர். எதிர்த்திசையிலும் ஆட்கள் வந்தனர். ஜப்பானியர் பகுதியிலிருந்து விடுதலைப் போராட்டப் பணிக்காக வந்து பிடிபட்டவர்களுள் வக்கம் காதர், அனந்தன், சத்தியேந்திர பர்தன், பௌஜா சிங் ஆகிய நால்வர் 1943 செப்டம்பர் 10 அன்று சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். மலேயாவின் தோட்டத்துத் தமிழ்ப்பெண்கள் நேதாஜியின் படையில் சேர்ந்துகொண்டிருந்த காலம் அது. கேட்டலினாவின் கண்ணாடிக் குமிழிலிருந்து நோக்கியவர்க்குக் கீழ்க்கரை பகைவர் கரை. ஏரிக்கரை ஊர்களில் இருந்தவர்க்கோ அது அண்ணன் தம்பி இருந்த கரை. தன்னைக் கேளாமல், தன் ஏரியில் இறங்கி, தன் உறவினர் இருக்கும் திசையைப் பகை என்று காத்த ஒன்றை எந்தச் சொல்லால் அழைப்பது? தமிழ் அதற்குப் பெயர் வைக்காமல் விட்டதை மறதி என்று மட்டும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கொக்கலையில் இக்கேள்வி இன்னும் கூர்மையானது. தளம் அமைக்க அக்கிராமத்தார் குறுகிய அறிவிப்பில் வெளியேற்றப்பட்டனர். சிங்கள எழுத்தாளர் மார்ட்டின் விக்கிரமசிங்கவின் பிறந்த ஊர் அது. ஊரின் வீடுகள் போயின. அவர் பிறந்த வீடு தளத்துக்குள் எஞ்சி நின்றது. அது பின்னர் நாட்டார் கலை அருங்காட்சியகத்தின் பகுதியாயிற்று. ஓர் எழுத்தாளன் இருந்ததால் கொக்கலை நினைவில் நின்றது.

அதே கொக்கலையிலிருந்துதான் வியப்பூட்டும் இன்னொரு பணி நடந்தது. சிங்கப்பூர் வீழ்ந்ததால் ஆஸ்திரேலியாவுக்கு வான்வழி அற்றுப்போயிருந்தது. 1943 ஜூலை முதல் குவாண்டாஸ் நிறுவனம் ஐந்து கேட்டலினாக்களைக் கொண்டு பெர்த் நகருக்கும் கொக்கலைக்கும் இடையே, எங்கும் இறங்காமல், 5600 கிலோமீட்டர் கடலைக் கடந்தது. எடையைக் குறைக்கத் தேவையற்றவை அனைத்தும் கழற்றப்பட்டன. மூன்று பயணிகளும் 69 கிலோ அஞ்சலும் மட்டுமே ஏற்றமுடிந்தது. பகைவருக்குத் தெரியாமலிருக்க வானொலி ஒலிக்காது. விண்மீன்களைப் பார்த்தே வழியறிந்தனர். அவற்றிற்கு இட்ட பெயர்களும் விண்மீன்களின் பெயர்களே. வழிகாட்டிய விண்மீன்களுள் சித்திரையும் கேட்டையும் உண்டு. 'ஸ்பைகா', 'அன்டாரிஸ்' என்று அவர்கள் எழுதிவைத்தவை நம் பஞ்சாங்கத்தில் உள்ளவையே. பயணம் 27 முதல் 33 மணி நேரம். புறப்பட்டபின் இரு முறை சூரியன் உதிப்பதைக் காணலாம் என்பதால் 'இரட்டை உதயம்' என்று பெயர் பெற்றது. 1945 ஜூலை வரை 271 முறை கடந்தனர். ஒரு படகும் தொலையவில்லை. தெற்கே அந்த 69 கிலோ அஞ்சல் தவறாமல் போய்க்கொண்டிருந்த ஆண்டுகளில்தான் வடக்கே நாகைக்கும் பினாங்குக்கும் இடையே ஒரு கடிதமும் போகவில்லை.

போர் முடிந்ததும் அவ்வைந்து படகுகளையும் ஆஸ்திரேலியக் கடலில் மூழ்கடித்தனர். அமெரிக்கா இரவலாகத் தந்தவற்றை விலைகொடுத்து வாங்கவேண்டும், அல்லது அழித்துவிடவேண்டும் என்பது ஒப்பந்தம். புழலின் 240ஆம் அணி 1945 ஜூலையில் 212ஆம் அணியுடன் இணைக்கப்பட்டு, சண்டர்லாண்டு என்னும் பெரிய படகுகளுக்கு மாறியது. 1946 ஜனவரியில் கொக்கலைக்குச் சென்று, மார்ச்சில் கலைக்கப்பட்டது. அதற்குள் நிலத்தில் நீண்ட ஓடுதளங்கள் எங்கும் வந்துவிட்டன. பறக்கும் படகின் காலம் முடிந்தது. கப்பல்கள் மீண்டும் ஓடத் தொடங்கின. ரஜூலா அதன்பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே சென்றுவந்தது.

சென்ற ஆண்டு சென்னையில் ஒரு கருத்தரங்கு முடிந்து திரும்பும் வழியில் புழல் ஏரிக்கரைக்குப் போனேன். மாலை நேரம். காற்றில்லை, நீர் கண்ணாடி போல் கிடந்தது. கரையில் வலையை உதறிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம், "ஐயா, அந்தக் காலத்தில் இந்த ஏரியில் விமானம் வந்து இறங்குமாமே, கேள்விப்பட்டிருக்கிறீர்களா?" என்று கேட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வழி தவறி வந்துவிட்டேன் என்று எண்ணியிருக்க வேண்டும்.

"விமானமெல்லாம் மீனம்பாக்கத்துலம்மா இறங்கும்" என்றார், மிகுந்த கனிவோடு. "இங்கேருந்து பஸ் இருக்கு."